தூக்கிச் செல்லும் பழைய அனலாக் ஸ்கோப்: டெக்ட்ரானிக்ஸ் 465-க்கு ஒரு முழு வழிகாட்டி

பாலிடெக்னிக்கிலோ பொறியியல் கல்லூரியிலோ எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு சி.ஆர்.ஓ. (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் அலைக்காட்டி, சுருக்கமாக ஸ்கோப்) என்றதும் ஒரு பச்சைக் கோடு நினைவுக்கு வரும். அது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். லேப் உதவியாளர் வந்து ஏதோ ஒரு குமிழைக் கொஞ்சம் திருப்புவார், கோடு சட்டென்று நின்றுவிடும். அந்தக் குமிழ் என்ன செய்தது என்று கேட்க நேரம் இருக்காது. ரெக்கார்டில் அலையை வரைந்துகொண்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுவோம். எனக்கும் அப்படித்தான் போனது. பல வருடம் கழித்து ஒரு டெக்ட்ரானிக்ஸ் 465 கைக்கு வந்த பிறகுதான் அந்தக் கருவியை உண்மையில் கற்றுக்கொண்டேன்.

பழைய ஸ்கோப் ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கும், வாங்கி வைத்துவிட்டு சுவிட்சைப் போடத் தயங்குபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். 465-ஐ எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. தூக்கிச் செல்லும் அனலாக் ஸ்கோப் என்றால் என்னென்ன இருக்க வேண்டுமோ அத்தனையும் அதில் இருக்கிறது. அதன் முகப்பைக் கற்றுக்கொண்டால் வேறு எந்த நிறுவனத்தின் பழைய ஸ்கோப்பும் அந்நியமாகத் தெரியாது.

இந்தப் பெட்டி எப்படி வந்தது

டெக்ட்ரானிக்ஸ் 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்டில் தொடங்கியது. ஹோவர்ட் வோலம், ஜாக் மர்டாக் ஆகியோர் நிறுவனர்களில் முக்கியமானவர்கள். 1947-இல் வந்த 511 என்ற மாடல்தான் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது. அந்தக் காலத்து அலைக்காட்டிகள் பெரும்பாலானவற்றில் கிடைமட்ட ஓட்டம் (ஸ்வீப், அதாவது ஒளிப்புள்ளி திரையில் இடமிருந்து வலமாக ஓடுவது) தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அலையை அதோடு ஒத்துப்போக வைக்கப் பாடுபட வேண்டும். 511-இல் அலை ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தொடும் அந்த நொடியில்தான் ஓட்டம் கிளம்பும். இதைத்தான் ட்ரிக்கர் என்கிறோம். லேப் உதவியாளர் திருப்பிய குமிழ் அதுதான்.

ஆனால் அந்தக் காலத்து வால்வு ஸ்கோப்களைத் தூக்கிச் செல்ல முடியாது. 545 போன்ற மாடல்கள் 30 கிலோவை ஒட்டி எடை கொண்டவை. அவற்றைத் தள்ளிக்கொண்டு போகவே சக்கரம் வைத்த ஒரு வண்டியை டெக்ட்ரானிக்ஸ் தனியாக விற்றது. ஐபிஎம் 1964-இல் சிஸ்டம்/360 கணினிகளை அறிவித்தபோது நிலைமை மாறியது. வாடிக்கையாளர் இடத்துக்கே போய்ப் பழுது பார்க்கும் பொறியாளர்களுக்கு, வேகமான டிஜிட்டல் துடிப்புகளைக் காட்டக்கூடிய, கையில் எடுத்துப் போகக்கூடிய ஸ்கோப் தேவைப்பட்டது. அந்தத் தேவைக்காக 1965-இல் பிறந்தது 453: 50 மெகாஹெர்ட்ஸ், இரண்டு சேனல், தாமத ஸ்வீப். அதன் வாரிசாக 1972-இல் வந்ததுதான் 465. அலைவரிசை, அதாவது ஸ்கோப் ஒழுங்காகக் காட்டும் அதிர்வெண்ணின் மேல் எல்லை, 100 மெகாஹெர்ட்ஸ் ஆனது, எடை பத்து, பதினோரு கிலோவுக்குக் குறைந்தது.

இந்தக் குடும்பத்தில் உங்கள் கண்ணில் படக்கூடிய மற்றவை: 475 என்பது 200 மெகாஹெர்ட்ஸ், 475ஏ 250 மெகாஹெர்ட்ஸ். இரண்டும் 465-இன் அண்ணன்கள், முகப்பு கிட்டத்தட்ட ஒன்றே. 464, 466 ஆகியவை திரையிலேயே அலையைத் தேக்கி வைக்கும் ஸ்டோரேஜ் வகை. அந்தத் திரைகள் வயதானால் மங்கிவிடும், முதல் ஸ்கோப்பாக வேண்டாம். 485 என்பது 350 மெகாஹெர்ட்ஸ், அழகான கருவி, பழுது பார்க்கக் கடினம். 1980-களின் தொடக்கத்தில் வந்த 2213, 2215 மலிவான 60 மெகாஹெர்ட்ஸ் மாடல்கள். 2465 நான்கு சேனலும், திரையில் எண்களும் காட்டும் 300 மெகாஹெர்ட்ஸ் ராஜா. ஆனால் அதன் உயிர் டெக்ட்ரானிக்ஸ் தனக்கென்றே செய்துகொண்ட சிப்களில் இருக்கிறது. ஒன்று போனால் இன்னொரு 2465-ஐப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். 465-இலும் அப்படிப்பட்ட சில பாகங்கள் உண்டு என்றாலும், பெரும்பகுதி சாதாரண ட்ரான்சிஸ்டர்கள், சாதாரண ரெசிஸ்டர்கள். நாம் மாற்ற முடிந்தவை.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்க்கப்போவது சீரியல் டேட்டா, மைக்ரோகன்ட்ரோலர் தொடர்பு என்றால் இன்றைய டிஜிட்டல் ஸ்கோப்தான் சரி. ஒரே ஒரு முறை வந்து போகும் துடிப்பை ஸ்டோரேஜ் வகை அல்லாத அனலாக் ஸ்கோப் பிடித்து வைக்காது. ஆடியோ ஆம்ப்ளிஃபையர், ரேடியோ, பவர் சப்ளை, டைமர், பழைய டிவி என்று திரும்பத் திரும்ப வரும் அலைகளோடு வேலை செய்பவருக்கு அனலாக் ஒரு வரம். அது மாதிரி எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை, ஆகவே இல்லாத அலையை இருப்பதுபோல் காட்டாது. அலை அதிகம் தங்கும் இடம் பிரகாசமாகவும், வேகமாகக் கடக்கும் இடம் மங்கலாகவும் தெரியும். அந்த ஒளி வித்தியாசமே ஒரு தகவல்.

வாங்கும்போது

திரையை முதலில் பாருங்கள். மின்சாரம் இல்லாமலே, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பாஸ்பரில் (திரையின் உட்புறத்தில் ஒளிரும் பூச்சு) கருகிய கோடோ புள்ளியோ இருப்பது தெரியும். நடுவில் மெல்லிய கோடு இருந்தால் நீண்ட காலம் உழைத்த கருவி என்று பொருள். அதனால் மட்டும் ஒதுக்க வேண்டாம். அடர்ந்த கருப்புப் புள்ளி இருந்தால் விட்டுவிடுங்கள். 465-இன் கட்டக்கோடுகள் கண்ணாடியின் உட்புறத்திலேயே அச்சிடப்பட்டவை. மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தகடு அல்ல. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் அளவு மாறாது என்பது இதன் பெரிய நன்மை.

அப்புறம் எல்லாக் குமிழ்களையும் சுற்றிப் பாருங்கள். எதுவும் வெறுமனே சுற்றக் கூடாது. ஒவ்வொரு படியிலும் கிளிக் கைக்குத் தெரிய வேண்டும். கைப்பிடியின் இரு முனைகளையும் அழுத்திக்கொண்டு திருப்பினால் அது ஸ்டாண்டாக மாறும். அது உடைந்திருந்தால் கருவி எங்கோ விழுந்திருக்கிறது. முன்மூடி இருந்தால் நல்லது. மூடியோடு கவிழ்த்து வைத்துத்தான் பெட்டியைக் கழற்ற வேண்டும் என்பதால் அது வெறும் அலங்காரம் இல்லை.

கடைக்காரர் சுவிட்சைப் போட்டுக் காட்டுகிறேன் என்றால், அதற்குமுன் மின் அழுத்தத் தேர்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த கருவி 115 வோல்ட்டில் வைக்கப்பட்டிருக்கலாம். அதை நம் 230 வோல்ட் பிளக்கில் சொருகினால் கதை அங்கேயே முடிந்தது. தேர்வை மாற்றும்போது ஃபியூஸும் மாற வேண்டும். 230-க்கு 115-க்குப் போடுவதில் பாதி மதிப்புப் போதும்.

சுவிட்ச் போட்டபின் திரை இருட்டாக இருந்தால் உடனே கைவிட வேண்டாம். பீம் ஃபைண்டர் என்ற பட்டனை அழுத்துங்கள். கற்றை எங்கே ஒளிந்திருந்தாலும் அது திரைக்குள் சுருங்கி வந்து நிற்கும். எந்தப் பக்கம் தெரிகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக பொசிஷன் குமிழைத் திருப்பினால் கோடு நடுவுக்கு வந்துவிடும். வேலை செய்யாது என்று ஓரமாக வைக்கப்பட்ட ஸ்கோப், ட்ரிக்கர் நார்மல் மோடில் (அலை வந்தால்தான் கோடு ஓடும் நிலை) இருந்ததால் மட்டும் இருட்டாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆட்டோவுக்கு மாற்றியதும் கோடு வந்தது.

வீட்டில் முதல் முறை மின்சாரம் கொடுக்கும் முன்

பல வருடம் தூங்கிய கருவியை நேரடியாக ஆன் செய்யக் கூடாது. கடையில் ஓடியது என்றாலும் இந்த ஒழுங்கில் ஒரு முறை போய்விடுங்கள்.

1. சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுங்கள். இது இல்லாமல் மேலே போக வேண்டாம். அந்தக் காலத்து டெக்ட்ரானிக்ஸ் மேனுவல் என்பது ஒரு பாடப்புத்தகம். ஒவ்வொரு சுற்றும் எப்படி வேலை செய்கிறது, எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட், எந்த இடத்தில் என்ன அலை வடிவம், எப்படிச் சரிசெய்வது என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் கருவியின் சீரியல் எண்ணுக்குப் பொருந்தும் பதிப்பா என்று பாருங்கள், இடையில் சுற்றுகள் மாறியிருக்கின்றன.

2. பிளக்கைக் கழற்றி, முன்மூடியைப் போட்டு, முகம் கீழே இருக்குமாறு நிற்க வையுங்கள். பின்பக்கத்துப் பாதங்களைப் பிடித்திருக்கும் திருகுகளை எடுத்தால் வெளிப்பெட்டி மேல்நோக்கி உருவி வரும்.

3. தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி விடுங்கள். கருகிய ரெசிஸ்டர், கசிந்த கப்பாசிட்டர், யாரோ முன்பு சால்டர் செய்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்து நிதானமாகப் பாருங்கள். இதற்கு அரை மணி நேரம் செலவழிக்கலாம், தப்பில்லை.

4. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒவ்வொரு சப்ளை புள்ளிக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து எழுதுங்கள். 465-இல் முக்கியமான சப்ளைகள் ஐந்து: +110, +55, +15, +5, -8 வோல்ட். ஏதாவது ஒன்று சில ஓம்ஸ் மட்டும் காட்டினால் அந்த வரிசையில் ஒரு டேன்டலம் கப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். சொட்டு வடிவத்தில் இருக்கும் இந்தச் சிறு கப்பாசிட்டர்கள்தான் இந்த வயதுக் கருவிகளின் முதல் எதிரி. எது ஷார்ட் என்று கண்டுபிடிக்க, சந்தேகப்படுவதன் ஒரு காலை மட்டும் எடுத்துப் பாருங்கள். புதிதாகப் போடும்போது வோல்டேஜ் மதிப்பு பழையதைவிடக் கூடுதலாக இருக்கட்டும், துருவத்தை மாற்றிவிடாதீர்கள்.

5. மெயின்ஸ் வரிசையில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரீஸாகப் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல அறிகுறி. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட். அணைத்துவிட்டு நான்காம் படிக்குத் திரும்புங்கள். 465-இல் சாதாரண ட்ரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் இந்த முறை ஒத்துவரும். 2213, 2465 போன்ற ஸ்விட்ச்சிங் சப்ளை உள்ளவற்றில் பல்போ வேரியாக்கோ (மின் அழுத்தத்தை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர்) போட்டு மின் அழுத்தத்தைக் குறைத்துக் கொடுத்தால் அவை திணறும். அவற்றுக்கு மேனுவல் சொல்லும் வழியில்தான் போக வேண்டும்.

6. பல்பை எடுத்துவிட்டு முழு மின்சாரத்தில் ஐந்து சப்ளைகளையும் அளங்கள். முதலில் +55-ஐப் பாருங்கள், மற்றவை அதை அளவுகோலாக வைத்துத்தான் நிற்கின்றன. அது சரியில்லாமல் +15-ஐத் துரத்துவது வீண். டிசி அளவு சரியாக இருந்து 100 ஹெர்ட்ஸ் அலை அதன்மேல் சவாரி செய்தால் பெரிய ஃபில்டர் கப்பாசிட்டர் வறண்டிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் படிப்பவர்களில் சிலர் முதல் முறையாக சிஆர்டி (படக்குழாய்) உள்ள கருவியைத் திறப்பீர்கள். கேதோடு பக்கத்தில் 2,000 வோல்ட்டுக்கு மேல், ஆனோடு பக்கத்தில் 15,000 வோல்ட்டை ஒட்டி இருக்கும். அணைத்த பிறகும் ஆனோடில் சார்ஜ் தங்கும். பின்பக்கத்து ஹைவோல்டேஜ் கூண்டை முதல் நாளே திறக்கத் தேவையில்லை. ஓடும் கருவிக்குள் ப்ரோப் வைக்கும்போது ஒரு கை எப்போதும் மேசைக்கு வெளியே இருக்கட்டும். மோதிரம், வாட்ச் வேண்டாம். வீட்டில் ஒருவருக்காவது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்திருக்கட்டும்.

சுவிட்சுகளைச் சுத்தம் செய்வது

இதற்குத் தனித் தலைப்பு கொடுத்ததற்குக் காரணம், நான் இதில் ஒரு தவறு செய்திருக்கிறேன். வோல்ட்ஸ், டைம் குமிழ்களுக்குப் பின்னால் இருப்பது கேம் சுவிட்ச். பிளாஸ்டிக் உருளை ஒன்று சுற்றும்போது, தங்க முலாம் பூசிய மெல்லிய விரல்கள் போர்டில் உள்ள தங்கப் பட்டைகளைத் தொட்டு விலகும். பழைய ஸ்கோப் ஒன்றில் கோடு துள்ளுகிறதே என்று நான் கான்டாக்ட் ஸ்ப்ரேயை அப்படியே அடித்துவிட்டேன். அந்த எண்ணெய் போர்டில் ஊறி, உயர் மின்தடைப் பகுதிகளில் கசிவு உண்டாகி, அளவே நகரத் தொடங்கியது. திரும்பக் கழுவி உலர்த்த ஒரு வாரம் ஆனது.

சரியான வழி எளிது. நல்ல வெள்ளைக் காகிதத்தை ஒரு சென்டிமீட்டர் அகலப் பட்டையாக வெட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, விரலுக்கும் பட்டைக்கும் நடுவே செருகி, தொடர்பு மூடியிருக்கும் நிலையில் மெதுவாக இழுங்கள். கருப்பாக ஒரு தடம் வரும். தடம் வராதவரை புதிய பட்டை. விரலை வளைத்துவிடாதீர்கள், அதற்கு மாற்று கிடையாது.

முகப்பு: எதை முதலில் கற்க வேண்டும்

முதல் முறை பார்ப்பவருக்கு 465-இன் முகம் பயமாகத்தான் இருக்கும். உண்மையில் அதில் மூன்று வேலைகள்தான். இடதுபக்கம் செங்குத்து, அதாவது வோல்ட். வலதுபக்கம் கிடைமட்டம், அதாவது நேரம். அதோடு ட்ரிக்கர்.

ஆன் செய்யும் முன் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: பிரகாசம் பாதிக்கும் கீழே, செங்குத்து மோட் சேனல் 1, உள்ளீடு டிசி, வேரியபிள் குமிழ்கள் எல்லாம் கிளிக் ஆகும் இடத்தில், கிடைமட்டம் ஏ, நேரம் ஒரு கட்டத்துக்கு 1 மில்லிசெகண்ட், ட்ரிக்கர் ஆட்டோ. வேரியபிள் கிளிக்கில் இல்லாவிட்டால் அன்கால் என்ற சிறு விளக்கு எரியும். அது எரியும்போது நீங்கள் படிக்கும் எந்த எண்ணும் சரியில்லை. புதியவர்களின் பாதித் தவறுகள் இதிலிருந்துதான் வருகின்றன.

வோல்ட்ஸ் குமிழ் ஒரு கட்டத்துக்கு 5 மில்லிவோல்ட் முதல் 5 வோல்ட் வரை, 1-2-5 வரிசையில் போகும். அதன் விளிம்பில் இரண்டு சிறு ஜன்னல்கள் இருக்கும். சாதாரண கேபிள் போட்டால் ஒன்றில் விளக்கு எரியும். டெக்ட்ரானிக்ஸின் 10 மடங்கு ப்ரோப் (அலையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக் கொடுக்கும் அளவு முனை) போட்டால் இன்னொன்றில் எரியும். ப்ரோப்பின் இணைப்பியில் உள்ள ஒரு சிறு ஊசி, உள்ளீட்டைச் சுற்றியுள்ள வளையத்தைத் தொட்டு "நான் 10 மடங்கு" என்று சொல்லிவிடுகிறது. மனக்கணக்கே தேவையில்லை. அந்தக் காலத்திலேயே இதை யோசித்தவர்களை நினைக்கும்போது எனக்கு இன்றும் மரியாதை கூடுகிறது.

இரண்டு சேனல்களையும் ஒன்றாகப் பார்க்க ஆல்ட், சாப் என்று இரு வழிகள். ஆல்ட்டில் ஒரு ஓட்டம் சேனல் 1-க்கு, அடுத்தது சேனல் 2-க்கு. சாப்பில் ஒரே ஓட்டத்துக்குள் இரண்டுக்கும் வேகமாக மாறி மாறித் தாவும். மெதுவான அலைக்கு சாப், வேகமான அலைக்கு ஆல்ட். ஆல்ட்டில் வைத்து, ட்ரிக்கர் மூலத்தையும் நார்மலில் விட்டால், ஒவ்வொரு சேனலும் தன்னைத்தானே ட்ரிக்கர் செய்துகொள்ளும். இரண்டு அலைகளும் அழகாக நிற்கும், ஆனால் அவற்றுக்கு இடையே உள்ள நேர வித்தியாசம் பொய். இரண்டு அலைகளின் ஃபேஸ் வேறுபாட்டை அளக்கும்போது ட்ரிக்கர் மூலத்தைக் கட்டாயம் சேனல் 1 என்று வையுங்கள்.

ட்ரிக்கரில் நான்கு விஷயம்: எந்த அலையைப் பார்ப்பது, எந்த உயரத்தில், ஏறும்போதா இறங்கும்போதா, எதை வடிகட்டுவது. ஆட்டோவில் அலை இல்லாவிட்டாலும் கோடு ஓடும். நார்மலில் அலை வந்தால்தான் ஓடும் (இது மோடின் நார்மல், மேலே சொன்ன மூலத்தின் நார்மல் வேறு). மிக மெதுவான அலைகளுக்கு நார்மல். ஆடியோவில் மேல்அதிர்வெண் இரைச்சல் தொந்தரவு செய்தால் அதை வடிகட்டும் எச்எஃப் ரிஜெக்ட். ஹோல்ட்ஆஃப் என்ற குமிழைப் பலர் தொடுவதே இல்லை. ஐந்து துடிப்புகள், இடைவெளி, மீண்டும் ஐந்து துடிப்புகள் என்று வரும் அலையில் ஸ்கோப்புக்கு எது முதல் துடிப்பு என்று தெரியாது. படம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பும். ஹோல்ட்ஆஃபை மெதுவாகத் திருப்பினால், ஒரு ஓட்டம் முடிந்து அடுத்ததற்குத் தயாராகும் நேரம் நீளும், ஒரு இடத்தில் எல்லாம் பூட்டிக்கொள்ளும்.

துடிப்பின் முன்விளிம்பில்தான் ட்ரிக்கர் கிளம்புகிறது என்றால் அந்த விளிம்பே திரையில் எப்படித் தெரிகிறது? ஓட்டம் கிளம்பச் சிறிது நேரம் ஆகுமே. இதற்காகவே செங்குத்துப் பாதையில் ஒரு தாமதக் கம்பியைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். ட்ரிக்கர் தன் வேலையைத் தொடங்கும்வரை அலை அந்தக் கம்பியில் பயணம் செய்துகொண்டிருக்கும். பெட்டியைத் திறந்தபோது அதைத் தேடிப் பாருங்கள்.

ப்ரோப்பும் சரிபார்ப்பும்

முகப்பிலேயே 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தரும் காலிபிரேட்டர் முனை இருக்கிறது. ப்ரோப்பை அதில் மாட்டி, ப்ரோப்பில் உள்ள சிறு திருகை உலோகமற்ற ஸ்க்ரூட்ரைவரால் திருப்புங்கள். சதுரத்தின் மூலை வழுவழுவென்று உருண்டால் குறைவு, கொம்பு முளைத்தால் அதிகம். தட்டையாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். ப்ரோப்பை வேறு சேனலுக்கு மாற்றினால் மறுபடி பாருங்கள். இதைச் செய்யாமல் எடுக்கும் வேக அலையின் அளவுகள் எதற்கும் உதவாது.

அடுத்து கருவியையே சோதிப்போம். விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை.

செங்குத்துக்கு ஒரு 9 வோல்ட் பேட்டரி. மல்டிமீட்டரில் அதன் உண்மையான அளவைப் பார்த்துவிட்டு, ஒரு கட்டத்துக்கு 2 வோல்ட் வைத்துத் தொடுங்கள். 9.0 என்றால் கோடு நாலரைக் கட்டம் தாவ வேண்டும். 465-க்கு நிர்ணயித்த துல்லியம் 3 சதவீதம். கண்ணால் படிக்கும் அளவுக்கு அதுவே போதும்.

நேரத்துக்கு ஒரு கிரிஸ்டல். 1 மெகாஹெர்ட்ஸ் தரும் கிரிஸ்டல் ஆசிலேட்டர் இருந்தால், ஒரு கட்டத்துக்கு 1 மைக்ரோசெகண்ட் வைத்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் சரியாக ஒரு சுழற்சி. இரண்டாம் கட்டம் முதல் பத்தாம் கட்டம்வரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முதல் கட்டத்தை நம்ப வேண்டாம்.

அலைவரிசைக்கு ஒரு வேகமான விளிம்பு. 74ஏசி14 என்ற சிறு சிப் தரும் விளிம்பு ஓரிரு நானோசெகண்டில் ஏறிவிடும். அதை 50 ஓம் டெர்மினேட்டர் போட்ட கேபிளில் கொடுத்து, நேரத்தைக் கடைசி வேகத்துக்குக் கொண்டுபோய், பத்து மடங்கு பெரிதாக்கும் பட்டனையும் அழுத்தினால் ஒரு கட்டம் 5 நானோசெகண்ட். 10 சதவீத உயரத்திலிருந்து 90 சதவீதம்வரை ஏற எடுக்கும் நேரத்தை அளங்கள். 0.35-ஐ அலைவரிசையால் வகுத்தால் ஸ்கோப்பின் சொந்த ஏறுநேரம் கிடைக்கும்: 100 மெகாஹெர்ட்ஸுக்கு 3.5 நானோசெகண்ட். ஏறுநேரங்கள் வர்க்கத்தில் கூடும். திரையில் 5 நானோசெகண்ட் தெரிந்தால், 25-லிருந்து 12.25-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள். அலையின் உண்மையான ஏறுநேரம் சுமார் 3.6. இந்த ஒரு கணக்கு தெரிந்தால், ஸ்கோப் காட்டுவதில் எவ்வளவு அலையுடையது, எவ்வளவு ஸ்கோப்புடையது என்று பிரித்துப் பார்க்கலாம்.

மெயின்ஸில் கை வைக்கும்போது

ப்ரோப்பின் எர்த் கிளிப், ஸ்கோப்பின் உலோக உடல் வழியாக, சுவரில் உள்ள எர்த் பின்னோடு நேராக இணைந்திருக்கிறது. அதை ஒரு எஸ்எம்பிஎஸ்ஸின் (ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை) முதன்மைப் பக்கத்தில், அதாவது மெயின்ஸோடு நேராக இணைந்த பக்கத்தில் மாட்டினால் வெடிக்கும். அதைத் தவிர்க்க ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்புறம் நீங்கள் தொடும் கைப்பிடி, குமிழ், பெட்டி எல்லாமே மெயின்ஸில் மிதக்கும்.

465-லேயே நல்ல வழி இருக்கிறது. இரண்டு 10 மடங்கு ப்ரோப்களை எடுத்து, எர்த் கிளிப் இரண்டையும் எங்கும் மாட்டாமல் விட்டு, அளக்க வேண்டிய இரு புள்ளிகளில் ஒவ்வொரு முனையை வையுங்கள். இரண்டு சேனல்களும் ஒரே வோல்ட்ஸ் அளவில் இருக்கட்டும். சேனல் 2-க்கு இன்வர்ட் (தலைகீழாக்கு), மோட் ஆட் (இரண்டையும் கூட்டு). திரையில் வருவது இரண்டின் வித்தியாசம். ப்ரோப்பின் வோல்டேஜ் எல்லையை முன்பே பார்த்துவிடுங்கள். ஸ்கோப்பின் நேரடி உள்ளீடு 250 வோல்ட் உச்சத்துக்கு மேல் தாங்காது, நம் 230 வோல்ட்டின் உச்சம் 325. பழுது பார்க்கும் கருவியை ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மரில் ஓட்டுவது இன்னும் நல்லது.

தாமத ஸ்வீப்

எல்லாம் கற்ற பிறகும் பலர் கடைசிவரை தொடாமலே விடும் பகுதி இது. ஐபிஎம் பொறியாளர்கள் 453-ஐத் தூக்கிக்கொண்டு போனது இதற்காகவும்தான். 465-இல் நேரம் ஓட்டும் சுற்றுகள் இரண்டு: ஏ, பி. ஏ ஒரு நீளமான காட்சியைக் காட்டும். அதில் நீங்கள் சொல்லும் இடம்வரை காத்திருந்து, அங்கிருந்து பி வேகமாக ஓடும். ஊர் வரைபடத்தில் ஒரு தெருவை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பதுபோல. எந்த இடம் என்பதைச் சொல்வது பத்துச் சுற்று சுற்றும் டயல்.

ஒரு 555 டைமரை (துடிப்புகளை உண்டாக்கும் மலிவான சிப்) 1 கிலோஹெர்ட்ஸில் ஓடவிட்டுச் செய்து பாருங்கள்.

ஏ-ஐ ஒரு கட்டத்துக்கு 0.2 மில்லிசெகண்ட் வையுங்கள். திரையில் இரண்டு சுழற்சிகள் தெரியும். கிடைமட்ட மோடை ஏ இன்டன் என்று மாற்றி, பி-க்கு ஒரு கட்டம் 1 மைக்ரோசெகண்ட் கொடுங்கள். கோட்டின் ஒரு சிறு துண்டு மட்டும் பிரகாசமாகும். அது கண்ணில் படாவிட்டால் மொத்தப் பிரகாசத்தைக் கொஞ்சம் குறையுங்கள். டயலைச் சுற்றி, அந்த ஒளித்துண்டை அடுத்த சுழற்சியின் ஏறும் விளிம்பின்மேல் கொண்டுவந்து நிறுத்துங்கள். இப்போது மோடை பி டிலேட் என்று மாற்றினால் அந்தத் துண்டு மட்டும் திரை முழுக்க விரியும். 1 மைக்ரோசெகண்டுக்கு ஒரு கட்டம் என்ற அளவில், ட்ரிக்கர் ஆன இடத்திலிருந்து 1,000 மைக்ரோசெகண்ட் தள்ளியுள்ள ஒரு விளிம்பைப் பார்க்கிறீர்கள்.

கால அளவை எடுக்க, முதல் விளிம்பைத் திரையின் நடுக்கோட்டில் நிறுத்தி டயலின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த விளிம்பை அதே நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி குறியுங்கள். 1.20, 6.15 என்று வந்தால் வித்தியாசம் 4.95; அதை ஏ-யின் 0.2 மில்லிசெகண்டால் பெருக்கினால் 0.99 மில்லிசெகண்ட். கட்டங்களை எண்ணிப் படிப்பதைவிட இது எவ்வளவோ துல்லியம்.

பி-யின் ட்ரிக்கர் மூலம் "தாமதத்துக்குப் பின் தொடங்கு" என்ற நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த விளிம்பிலேயே ட்ரிக்கர் ஆகும்படி வைத்தால் நான் சொல்லப்போவது மறைந்துவிடும். 555-இன் விளிம்பு திரையில் ஒரு மெல்லிய கோடாக நிற்காது. இடவலமாக நடுங்கி, ஒரு பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டையின் அகலம்தான் ஜிட்டர். அது அரைக் கட்டம் இருந்தால், விளிம்பு மொத்தம் அரை மைக்ரோசெகண்ட் அகலத்துக்குள் முன்னும் பின்னுமாக வருகிறது என்று அர்த்தம். பட்டையின் நடு பிரகாசமாகவும் ஓரம் மங்கலாகவும் இருக்கும், விளிம்பு எங்கே அதிகம் வருகிறது என்பதையும் அதே ஒளி காட்டிவிடுகிறது. ஸ்கோப்புக்கும் சொந்த நடுக்கம் கொஞ்சம் உண்டு என்பதால், 555-ஐக் கழற்றிவிட்டு, கிரிஸ்டல் ஆசிலேட்டரிலிருந்து பிரித்தெடுத்த 1 கிலோஹெர்ட்ஸை அதே அமைப்பில் கொடுத்துப் பாருங்கள். பட்டை சுருங்கி ஒற்றைக் கோடாகும். மிச்சம் ஏதாவது நடுங்கினால் அது ஸ்கோப்புடையது. அந்த அகலத்தை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.